டீச்சரைப் பார்த்தீங்க... பிள்ளைங்களைப் பார்த்தீங்களா?

பக்கத்து வகுப்பறைக்குப் போய், அனுபவம் மிக்க சக ஆசிரியர் பாடம் நடத்துவதை உட்கார்ந்து பார்ப்பது பைசா செலவில்லாத பயிற்சி. அங்கே போய் எதைப் பார்ப்பது என்பதில்தான் சூட்சுமம்.

ஆறாம் வகுப்பு. மதிய உணவுக்குப் பிறகான முதல் பாடவேளை. பிள்ளைகளின் கண்ணில் பாதித் தூக்கம். கடைசி பெஞ்சில், மடியில் ஒரு நாற்பது பக்க நோட்டோடு நான்.

நான் கணக்கு வாத்தியார். வேலைக்கு வந்து இரண்டாவது வருடம். ஆறாம் வகுப்பில் ஒரு பிரிவு எனக்கு, இன்னொரு பிரிவு இருபது வருடத்துக்கு மேல் அனுபவமுள்ள டீச்சருக்கு. ஒரே பாடப்புத்தகம், ஒரே ஊர்ப் பிள்ளைகள். ஆனாலும் பின்னம் என்று வந்துவிட்டால் என் வகுப்பில் பாதிப் பேர் படுத்துவிடுவார்கள், அவர் வகுப்பில் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒருநாள் ஆசிரியர் அறையில் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: “டீச்சர், பின்னத்தை எப்படி நடத்துறீங்க?”

டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னார்: “சொல்லத் தெரியாது தம்பி. வந்து உட்காருங்க.”

அது தன்னடக்கம் என்று அப்போது நினைத்தேன். உண்மையிலேயே சொல்லத் தெரியாது என்பது பிறகுதான் விளங்கியது. குழம்புக்கு எவ்வளவு உப்பு என்று அம்மாவிடம் கேட்டால், “போடும்போது பாரு” என்பார் அல்லவா? அதே கதைதான்.

அரையோடு சேர்ந்து அரையைவிடக் குறையுமா?

டீச்சர் கரும்பலகையில் 1/2 + 1/3 என்று எழுதினார். “யாரும் கணக்குப் போடாதீங்க. விடை அரையைவிடக் கூட வருமா, குறைச்சலா வருமா? அதை மட்டும் நோட்டு ஓரத்துல எழுதுங்க.” அதன் பிறகுதான் போடச் சொன்னார். பிள்ளைகள் போடும்போது பெஞ்சுகளுக்கு நடுவே மெல்ல நடந்தார். யார் நோட்டையும் திருத்தவில்லை, யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

திரும்பி வந்து ஒரு பையனை எழுப்பினார். “2/5 டீச்சர்.” மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருந்தான். அதைப் பலகையில் எழுதினார். “வேற?” 2/6 என்றது ஒரு குரல். அதையும் எழுதினார். “வேற?” 5/6 என்றாள் ஒரு பெண். அதையும் எழுதினார். மூன்றும் ஒரே அளவு எழுத்தில், ஒரே வரிசையில் நின்றன. எது சரி என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

“இப்ப என்ன செய்யலாம்?” என்று கேட்டுவிட்டு சாக்பீஸைக் கீழே வைத்தார். அமைதி. நான் மனதுக்குள் எண்ணினேன்: ஒன்று, இரண்டு, மூன்று... ஏழு, எட்டு. என் வகுப்பாக இருந்தால் இரண்டிலேயே நான் விடையைச் சொல்லி முடித்திருப்பேன்.

ஒன்பதில் ஒரு சின்னக் குரல்: “டீச்சர், அரையோட ஒண்ணு சேர்த்தா அரையைவிடக் கூடத்தானே வரணும்?”

“ஆமா. அதுக்கென்ன இப்போ?”

“அஞ்சுல பாதி ரெண்டரை. ரெண்டு அதைவிடக் கம்மி. 2/5 வராது.”

2/5 சொன்ன பையன் தானாகவே தன் நோட்டில் அதை அடித்தான். இன்னொருவன் எழுந்தான்: “2/6-ம் வராது டீச்சர். அது மூணுல ஒண்ணுதான். அரையைச் சேர்த்த பிறகும் பழைய மூணுல ஒண்ணாவே எப்படி இருக்கும்?” வகுப்பே சிரித்தது. தப்பாகச் சொன்னவனும் சேர்ந்து சிரித்தான். பிறகு நீளமான காகிதத் துண்டுகள் வந்தன. ஆறாக மடித்து, மூன்று மடிப்புக்கு ஒரு நிறம், இரண்டு மடிப்புக்கு ஒரு நிறம். மீ.சி.ம. என்ற சொல்லே மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் பலகைக்கு வந்தது. அதற்குள் பிள்ளைகளுக்கு அது தேவைப்பட்டிருந்தது.

நான் நான்கு பக்கம் எழுதியிருந்தேன். அவர் கேட்ட கேள்விகள், பலகையில் எழுதிய வரிசை, எந்த நிமிடத்தில் எது நடந்தது என்று ஒன்றும் விடவில்லை. வராந்தாவில் பெருமையாக நீட்டினேன். புரட்டிப் பார்த்தார்.

“நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. ஜன்னலோரம் ரெண்டாவது பெஞ்சுல உட்கார்ந்திருந்த பொண்ணு நோட்டுல என்ன இருந்துச்சு?”

எனக்குத் தெரியவில்லை.

“அவ காகிதத்தை மடிக்கவே இல்லை. போர்டைப் பார்த்து 5/6-ன்னு எழுதிட்டுக் கையைக் கட்டிக்கிட்டா. நான் அதைக் கவனிச்சதே கடைசி அஞ்சு நிமிஷத்துலதான். எனக்கு நாற்பது பேரு, பலகை, நேரம் எல்லாம் இருக்கு. நீங்க சும்மாதானே உட்கார்ந்திருந்தீங்க? டீச்சரைப் பார்த்தீங்க... பிள்ளைங்களைப் பார்த்தீங்களா?”

பதின்மூவாயிரம் மணி நேரப் பழக்கம்

எனக்கு உறைத்த அந்தக் கேள்வியை அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி வேறொரு பக்கத்திலிருந்து எழுப்பியிருக்கிறார். ‘பள்ளி ஆசிரியர்’ என்ற பொருள்படும் தலைப்பில் 1975-ல் வெளிவந்த அவருடைய நூலில் ஒரு கணக்கு வருகிறது. பள்ளிப் படிப்பை முடிக்கும் ஒரு மாணவர், அதற்குள் சுமார் 13,000 மணி நேரம் ஆசிரியர்களின் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறார். டாக்டராகப் போகிறவரோ வக்கீலாகப் போகிறவரோ தன் தொழிலை இவ்வளவு நேரம் பக்கத்தில் இருந்து பார்ப்பதில்லை. ஆசிரியராகப் போகிறவர் மட்டும் பயிற்சிக் கல்லூரி வாசலை மிதிக்கும் முன்பே பல்லாயிரம் மணி நேரம் ‘தொழில் பழகி’ விடுகிறார்.

சிக்கலும் அங்கேதான். பெஞ்சில் உட்கார்ந்தவருக்குத் தெரிந்தது மேடையில் நடந்தது மட்டும். அந்தக் கேள்வியை ஆசிரியர் ஏன் அப்போது கேட்டார், ஏன் அவனை விட்டு இவளை எழுப்பினார், எந்தக் கணக்கை வேண்டுமென்றே தள்ளிப் போட்டார் என்பதெல்லாம் மாணவரின் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே நாம் பழகிக்கொள்வது குரல், நடை, கண்டிப்பு, பிரம்பைப் பிடிக்கும் தோரணை. பயிற்சிக் கல்லூரியில் என்னதான் படித்தாலும், வகுப்பில் கூச்சல் எழுந்த முதல் நாளில் நம் வாயிலிருந்து வருவது நமக்கு ஆறாம் வகுப்பு எடுத்தவரின் குரல்தான்.

பி.எட். படிக்கும்போதும் பிறர் வகுப்பைப் பார்த்திருக்கிறேன். அதற்கென்று பதிவேடு உண்டு. ‘ஆர்வமூட்டல்: நன்று. கரும்பலகைப் பயன்பாடு: நன்று. வலுவூட்டல்: மிக நன்று.’ முன்னால் இருப்பவரின் பதிவேட்டைப் பார்த்து வகுப்புக்குப் போகாமலே இதை நிரப்பலாம். நிரப்பியவர்களும் உண்டு. மாணவனாக இருந்தபோது பார்த்த அதே மேடையைத்தான் அந்தக் கட்டங்களும் பார்க்கச் சொல்லின. அந்தப் பழக்கத்தோடுதான் டீச்சரின் வகுப்பிலும் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

காப்பியடித்த மௌனம்

மறுநாளே என் பிரிவில் அதே கணக்கைப் போட்டேன். அதே மூன்று விடைகளையும் பலகையில் எழுதினேன். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு அதே மாதிரி நின்றேன். ஒன்று, இரண்டு, மூன்று... பத்து, பதினைந்து. ஒருவரும் வாய் திறக்கவில்லை. முன்பெஞ்சுப் பையன் மெதுவாக எழுந்து, “சாரி சார், இனிமே பேச மாட்டோம்” என்றான்.

என் வகுப்பில் நான் பேசாமல் நின்றால் அடுத்து திட்டு விழும் என்று அர்த்தம். பிள்ளைகள் என்னைச் சரியாகத்தான் படித்து வைத்திருந்தார்கள். டீச்சர் வகுப்பில் அந்த எட்டு விநாடி வேலை செய்ததற்கு முன்னால் பல மாத உழைப்பு இருந்தது. தப்பான விடையும் பலகைக்கு வரும், அதைச் சொன்னவன் அவமானப்பட மாட்டான் என்று அந்தப் பிள்ளைகள் நாள்தோறும் பார்த்துப் பழகியிருந்தார்கள். நான் அந்த மௌனத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். தப்பாகச் சொன்னவன் சிரித்தானே, அந்தச் சிரிப்பைத்தான் நான் குறித்து வைத்திருக்க வேண்டும்.

அந்த எட்டு விநாடிக்கு ஆய்வு ஆதாரம் உண்டு. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து 1970-களில் எழுதினார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாகக் காத்திருந்தது ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, தானாக முன்வந்து பேசிய பிள்ளைகள் கூடினார்கள், ‘தெரியாது’ என்பது குறைந்தது.

இன்னொரு பழைய வியப்பு, சில டீச்சர்களுக்கு முதுகிலும் கண் உண்டு என்பது. ஜேக்கப் கூனின் என்ற ஆய்வாளர் 1970-ல் எழுதிய நூல் அதைத்தான் ஆராய்ந்தது. வகுப்புகளை வீடியோவில் பதிந்து, அமைதியான வகுப்பின் ஆசிரியர் குறும்பு செய்தவனை எப்படிக் கையாள்கிறார் என்று தேடினார். குறும்பு நடந்த பிறகு செய்வதில் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. நல்ல வகுப்பில் ஆசிரியர் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டே இருக்கிறார் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது, பாடமும் எங்கும் தொங்காமல் ஓடியது. குறும்பு தலைதூக்குவதற்கு முன்பே அடங்கிவிடுகிறது. நடக்காமல் போன ஒன்றைக் கடைசி பெஞ்சிலிருந்து எப்படிப் பார்ப்பது? பிள்ளைகளின் முகத்தில்தான் பார்க்க முடியும்.

ஜப்பானியர் எங்கே நிற்கிறார்கள்?

பிள்ளைகளைப் பார்க்கும் இந்த வேலையைத் தொழில்முறையாகவே செய்து வருகிறவர்கள் ஜப்பானிய ஆசிரியர்கள். ‘ஜுக்யோ கென்க்யூ’ என்பார்கள். பாட ஆய்வு என்று பொருள். அதன் வேர் மெய்ஜி காலத்துக்கு, அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் போகிறது. ஒரு பள்ளியின் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தை வாரக்கணக்கில் திட்டமிடுவார்கள். எந்தக் கேள்வியை முன்வைப்பது, பிள்ளைகள் என்னென்ன விதமாகத் தப்புச் செய்வார்கள் என்பது வரை எழுதி வைப்பார்கள். ஒருவர் நடத்துவார். மற்றவர்கள் பார்ப்பார்கள். பிறகு எல்லோரும் உட்கார்ந்து பேசுவார்கள், பாடம் நடத்தியவர்தான் முதலில் பேசுவார். திட்டம் எல்லோருடையதும் என்பதால் விமர்சனம் அவர் ஒருவர் தலையில் விழாது.

பார்க்க வருகிறவர்கள் பின்சுவரில் சாய்ந்துகொண்டு இருப்பதில்லை. கையில் பாடத்திட்டத் தாளோடு பிள்ளைகளின் மேசைகளுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒரு பிள்ளை என்ன எழுதுகிறது, எதை அழிக்கிறது, எந்த இடத்தில் பக்கத்துப் பிள்ளையை எட்டிப் பார்க்கிறது என்று குறிக்கிறார்கள். உதவி செய்யக் கூடாது, விடை சொல்லிக் கொடுக்கவும் கூடாது. கரும்பலகைக்கும் தனிக் கவனம் உண்டு. பாடம் முடியும்போது தொடக்கம் முதல் இறுதி வரை பலகையிலேயே தெரியும்படி, நடுவில் அழிக்காமல் எழுதிப் போவதை ‘பன்ஷோ’ என்கிறார்கள்.

வெளியுலகம் இதைப் பரவலாகக் கவனித்தது 1999-க்குப் பிறகு. ஜேம்ஸ் ஸ்டிக்லர், ஜேம்ஸ் ஹீபர்ட் இருவரும் எழுதிய நூல் ஒன்று அந்த ஆண்டு வெளியானது. ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா மூன்று நாடுகளிலும் பதிவான 231 எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடங்களின் வீடியோக்கள் அதற்கு அடிப்படை. ஜப்பானியப் பாடங்களில் பிள்ளைகள் கணக்கோடு முதலில் தாங்களே மல்லுக்கட்ட விடப்பட்டார்கள். இதை ஆசிரியர்கள் எங்கே கற்றார்கள் என்ற கேள்விக்கு நூலாசிரியர்கள் காட்டிய விடை, ஒருவர் வகுப்பை ஒருவர் பார்க்கும் இந்த வழக்கம்.

எழும்பூரிலிருந்து ஸ்காட்லாந்துக்கு

பிறர் வகுப்பை எட்டிப் பார்த்ததால் ஒரு நாட்டின் பள்ளிகளே மாறிய கதை நம் சென்னையிலும் நடந்திருக்கிறது. எழும்பூரில் ஐரோப்பியச் சிப்பாய்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான இல்லத்தை 1789 முதல் மேற்பார்வையிட்டவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர். ஒருநாள் உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தம் பள்ளியில் செய்யச் சொன்னபோது அங்கிருந்த ஆசிரியர்கள் இசையவில்லை. பெல் அந்த வகுப்பை ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடமே ஒப்படைத்தார். பையன் சாதித்துக் காட்டினான். நம் திண்ணைப் பள்ளிகளுக்குச் சட்டாம்பிள்ளை புதிதில்லை. பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் இந்த வழியைப் பெல் 1797-ல் புத்தகமாக்கிய பிறகு, அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தின் பள்ளிகளில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச் சென்ற பணத்தில் 1833-ல் நிறுவப்பட்ட பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றே பெயர். பெல்லின் கண் அன்று போன இடம் மணல் மீது நகர்ந்த விரல்.

பார்க்க வந்தவருக்கும் லாபம்

இப்படிப் பார்ப்பதால் மதிப்பெண் கூடுமா? இங்கிலாந்தில் 82 உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டு ஆண்டு நடந்த பரிசோதனையின் முடிவு 2021-ல் வெளியானது. பொருளியலாளர்கள் சைமன் பர்கெஸ், ஷெனிலா ரவல், எரிக் டெய்லர் நடத்தியது. ஆசிரியர்கள் தங்களுக்குள்ளேயே வகுப்புகளைப் பார்த்துக்கொண்டார்கள். பதவி உயர்வுக்கும் தண்டனைக்கும் அதோடு தொடர்பில்லை. அந்தப் பள்ளிகளில் கணக்கு, ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்கள் சிறிதளவு, ஆனால் தெளிவாக உயர்ந்தன. பார்க்கப்பட்டவரின் மாணவர்கள் மட்டுமல்ல, பார்க்கப் போனவரின் மாணவர்களும் முன்னேறினார்கள். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 14 பள்ளிகளில் வேறொரு பரிசோதனை. ஒரு திறனில் தடுமாறும் ஆசிரியரை, அதே திறனில் தேர்ந்த அதே பள்ளி ஆசிரியரோடு இணைத்துவிட்டார்கள். தடுமாறியவரின் மாணவர்கள் மேலே வந்தார்கள்.

நன்னூல் படித்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி இருக்காது. ஆசிரியரிடம் கேட்பதால் வருவது கால் பங்கு, உடன் பயில்வோரோடு பழகுவதால் கால் பங்கு, பிறருக்கு எடுத்துரைப்பதால் மீதி அரைப் பங்கு என்று அதில் பவணந்தியார் கல்வியைப் பங்கு பிரித்திருக்கிறார். ஆசிரியராக ஆனபின் அந்த நடுக் கால் பங்கைத்தான் நாம் தொலைத்துவிடுகிறோம். உடன் பயில்வோர் பக்கத்து அறையில்தான் இருக்கிறார்கள், நடுவில் ஒரு சுவர்.

இடக்கை, வலக்கை

அந்தச் சுவரைத் தாண்டி யாராவது வந்தால் நம் ஊரில் அதற்குப் பெயர் இன்ஸ்பெக்‌ஷன். பாடக்குறிப்பேடு எழுதியாயிற்றா, பதிவேடுகள் சரியா என்று பார்க்க வருகிறவர்கள். விடை தெரிந்தால் வலக்கையைத் தூக்கு, தெரியாவிட்டால் இடக்கையைத் தூக்கு என்று பிள்ளைகளுக்குப் பழக்கி வைத்த வாத்தியார் கதை எல்லா ஆசிரியர் அறையிலும் உலவுகிறது. அதிகாரி முன்னால் வகுப்பே கை தூக்கும், வாத்தியார் வலக்கைகளை மட்டும் எழுப்புவார். தீர்ப்புச் சொல்ல வருகிறவர்களிடம் வகுப்பு நாடகம்தான் காட்டும். அதனால்தான் யாராவது கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாலே ஆசிரியருக்கு வியர்க்கிறது. தலைமையாசிரியர் அனுப்பி வைத்தால் அது மேற்பார்வை. “நான் வந்து உட்காரட்டுமா?” என்று இளையவர் தானே கேட்டுப் போனால்தான் அது படிப்பு.

நேரம் எங்கே இருக்கிறது என்பது நியாயமான கேள்வி. ஓய்வுப் பாடவேளையை வராத ஆசிரியரின் வகுப்பும் எமிஸ் இணையதளத்தில் பள்ளி விவரங்களைப் பதியும் வேலையும் தின்றுவிடுகின்றன. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் நகர்ந்தால் பாதிப் பள்ளிக்கு ஆளில்லை. தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர் பயிற்சி வேண்டும் என்கிறது. அந்த நேரத்தில் ஒரு பங்கு, பக்கத்துப் பள்ளியில் உண்மையான ஒரு வகுப்பைப் பார்த்து, அன்றே உட்கார்ந்து பேசுவதற்குப் போகலாம். ஸ்லைடு காட்டும் கூட்டத்தைவிட அது எவ்வளவோ மேல்.

பார்க்கப் போகிறீர்களா?

• கேட்டுவிட்டுப் போங்கள். எந்தப் பாடம், எந்த நாள் என்பதை வகுப்பு எடுப்பவர் முடிவு செய்யட்டும்.

• ஒரே ஒரு கேள்வியோடு போங்கள். ‘தப்பான விடை வந்தால் என்ன நடக்கிறது?’ என்பது போல.

• பக்கவாட்டில் உட்காருங்கள். கடைசி பெஞ்சிலிருந்து தெரிவது பிள்ளைகளின் முதுகு.

• மூன்று பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, மணி அடிக்கும் வரை அவர்களையே கவனியுங்கள்.

• கண்டதை எழுதுங்கள், கருத்தை எழுதாதீர்கள். ‘ஆர்வமாக இருந்தான்’ என்பது கருத்து. ‘இரண்டு முறை அழித்து எழுதினான்’ என்பது கண்டது.

• அன்றே பத்து நிமிடம் பேசுங்கள். முதல் பேச்சு வகுப்பு எடுத்தவருடையது.

அவர் கொடுத்த தாள்

அதற்குப் பிறகு அந்த வருடம் ஐந்து முறை டீச்சரின் வகுப்பில் போய் உட்கார்ந்தேன், பக்கவாட்டில். ஐந்தாவது முறை முடிந்ததும் அவர் கேட்டார்: “நாளைக்கு நான் உங்க வகுப்புக்கு வரட்டுமா? நீங்க வடிவியல் எடுக்கிறதை என் பிள்ளைங்க எட்டிப் பார்த்துட்டு வந்து சொல்றாங்க. என்னன்னு பார்க்கணும்.”

மறுநாள் கோணங்கள் நடத்தினேன். பலகையில் படம் நன்றாக வந்தது, குரல் நடுங்கவில்லை, சொல்ல நினைத்ததெல்லாம் சொல்லி முடித்தேன். மணி அடித்ததும் அவர் ஒரு தாளை மடித்துக் கையில் கொடுத்துவிட்டுத் தன் வகுப்புக்குப் போய்விட்டார். பிரித்தேன்.

‘10.15: மூணாவது பெஞ்சுப் பையன் கோணமானியைத் தலைகீழா வைக்கிறான். 10.19: 120 வர வேண்டியதுக்கு 60-ன்னு படிக்கிறான். பக்கத்துப் பையன் நோட்டைப் பார்க்கிறான். அழிக்கிறான். 10.24: கை தூக்குறான். சார் பார்க்கலை. 10.25: கையை இறக்குறான். 10.31: புத்தகத்தோட மூலையை மடிச்சு, அந்த முனையைக் கோணத்து மேல வச்சுப் பார்க்கிறான். தன் விடை தப்புன்னு தானே கண்டுபிடிக்கிறான். யார்கிட்டயும் சொல்லலை.’

இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தேன். என்னைப் பற்றி அந்த ஒரு வரிதான் இருந்தது: சார் பார்க்கலை.